சாவியோடு அடக்கமாகும் செல்வம்

அடையாறில் வசித்த சகோதரர் ஒருவரின் ஜனாஸாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள், அவருடைய மகன் நம்மை மாடியறைக்கு அழைத்துச் சென்று, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு பொருளை எடுத்துக் காட்டினார். பார்வைக்குப் பென் டிரைவ் போலவே இருந்தது. ஒருபுறம் விரல்நுனி அகலத்தில் ஒரு திரை; ஓரத்தில் இரண்டு பொத்தான்கள். கிரிப்டோ நாணயங்களின் சாவியைப் பாதுகாக்கும் ஹார்டுவேர் வாலட் அது. தந்தை அதை வாங்கி வைத்திருந்தார் என்பதே இறந்தபின்தான் வீட்டாருக்குத் தெரியும்.

"அத்தா பிறந்த வருஷம், கடை ஆரம்பிச்ச வருஷம், கார் நம்பர்னு மூணு பின் போட்டுப் பார்த்தேன், மாமா. மூணாவதும் தப்பானதும் அதுவே எல்லாத்தையும் அழிச்சிருச்சு. எவ்வளவு இருந்துச்சுன்னுகூடத் தெரியல" என்றார். குரல் உடைந்தது. தானே தந்தையின் பணத்தை அழித்துவிட்டதாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியன்று என்று அவருக்கு விளக்கிச் சொன்னோம். நாணயங்கள் அந்தக் கருவிக்குள் இருப்பதில்லை. அவை உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் நகலெடுத்து வைக்கப்பட்டுள்ள பொதுப் பேரேட்டில், பிளாக்செயினில், இருக்கின்றன. அவற்றை நகர்த்தும் இரகசியச் சாவி மட்டுமே கருவியின் சில்லுக்குள் இருந்தது. தவறான பின் எண்ணை மூன்று முறை இட்டால் லெட்ஜர் நிறுவனத்துக் கருவிகள் தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும். திருடனிடமிருந்து காப்பதற்காகவே அந்த ஏற்பாடு. கருவியை முதன்முறை இயக்கியபோது அது திரையில் காட்டிய 24 சொற்கள் கிடைத்துவிட்டால், வேறொரு புதிய கருவியில் அவற்றை இட்டு அனைத்தையும் மீட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் தயாரித்த நிறுவனமும் உதவ இயலாது, நீதிமன்றமும் உதவ இயலாது. பெட்டியைத் திறந்து பார்த்தோம். சொற்களை எழுதுவதற்கென்று உடன்வந்த அட்டை, ஓர் எழுத்தும் எழுதப்படாமல் வெள்ளையாக இருந்தது.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் நம்மை விடவில்லை. கிரிப்டோ கூடுமா, கூடாதா என்ற விவாதத்திற்குள் இங்கே நாம் நுழையவில்லை. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் தலைமை முஃப்தி 2018 ஜனவரியில் கூடாது என்றார். மலேசியாவின் செக்யூரிட்டீஸ் கமிஷனுக்கு வழிகாட்டும் ஷரீஅத் ஆலோசனைச் சபை, பதிவு பெற்ற தளங்களில் முதலீடு செய்வதையும் வணிகம் செய்வதையும் 2020இல் அனுமதித்தது. இந்தோனேசிய உலமாக்கள் சபையோ 2021 நவம்பரில் அதை நாணயமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. ஒவ்வொருவரும் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் பலரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. வேண்டாம் என்று முடிவெடுத்து விற்று வெளியேறுகிறவருக்கும் சாவி வேண்டுமல்லவா?

மக்கள் ஏன் இந்தக் கருவியை நாடுகிறார்கள் என்பதைச் சென்னைவாசிகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பிறரை நம்பிப் பணத்தை ஒப்படைத்து ஏமாந்த வரலாறு இந்நகருக்கு நெடியது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது மதராஸின் எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த வேதனையிலிருந்துதான், மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றதன் பேரில், 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதே மயிலாப்பூரில் 1872இல் தொடங்கப்பட்ட இந்து பெர்மனென்ட் ஃபண்ட் மீது, முதிர்ந்த வைப்புத்தொகையைத் திருப்பித் தரவில்லை என்று முதியவர்கள் புகார் கொடுத்ததும், அதன் நிர்வாக இயக்குநர் 2024 ஆகஸ்டில் கைதானதும் நேற்று நடந்தவை போலிருக்கின்றன.

அதற்கு முந்தைய மாதம்தான், 2024 ஜூலை 18 அன்று, வஸீர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ தளத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர், அதாவது 2,000 கோடி ரூபாய்க்கு நெருக்கமான மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோயின. தளத்தின் இருப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அது. எல்லாருடைய கணக்குகளும் முடங்கின. சென்னையிலிருந்து முதலீடு செய்த பெண் ஒருவர், 2024 ஜனவரியில் தாம் 1,98,516 ரூபாய்க்கு வாங்கிய 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்களைக் காக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். திருடுபோனவை வேறு வகை நாணயங்கள், இவருடையவை திருடுபோகவில்லை. ஆயினும் இழப்பை எல்லா வாடிக்கையாளர்மீதும் பரப்பும் திட்டம் முன்வைக்கப்பட்டிருந்தது. 2025 அக்டோபர் 25 அன்று நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அளித்த ஆணையில், கிரிப்டோ நாணயம் கையால் தொடக்கூடிய பொருளன்று, செலாவணியுமன்று, ஆயினும் அது ஒரு சொத்து. ஒருவர் உடைமையாக அனுபவிக்கவும், மற்றொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் கூடிய சொத்து என்று கூறினார்.

முதலீட்டாளர்களுக்கு இந்த ஆணை ஆறுதல் அளித்தது. நமக்கோ அதைப் படித்தபோது வேறொரு நினைவு வந்தது. சொத்து என்றால் அதில் கடன்காரருக்கு உரிமையுண்டு. ஸகாத் கடமை என்று கருதுவோருக்கு அதில் ஏழையின் பங்குண்டு. இறந்தால் வாரிசுகளுக்குப் பாகமுண்டு. இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி முஸ்லிமின் சொத்து வாரிசுகளிடையே எவ்வாறு பிரியவேண்டும் என்பது தெளிவு. உயர் நீதிமன்றம் சொத்து என்று சொன்ன ஒன்றை, நாம் மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியாத பொழுதுபோக்கு போல இழுப்பறையில் வைத்திருக்க இயலாது.

இனி கருவியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். ஏனெனில் நம் கருத்து அதன் அமைப்பிலிருந்தே எழுகிறது. தி.நகர் வங்கி ஒன்றில் நகை லாக்கர் வைத்திருப்பவருக்குத் தெரியும்: வங்கியின் சாவி ஒன்று, நம் சாவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். நம் சாவி தொலைந்தால் செலவைக் கட்டி, சாட்சிகள் முன்னிலையில் உடைத்துத் திறக்கலாம். நாம் இறந்தால் நாமினி வந்து நிற்பார். ஹார்டுவேர் வாலட்டில் வங்கியின் சாவி என்ற ஒன்றே இல்லை. அதன் பெருமையும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

சாவி கருவியைவிட்டு ஒருபோதும் வெளியே வருவதில்லை. கைபேசியிலோ கணினியிலோ உள்ள செயலி, இன்ன முகவரிக்கு இத்தனை நாணயம் அனுப்பு என்று கோரும். கருவி அதைத் தன் திரையில் காட்டும். நாம் பொத்தானை அழுத்தினால் உள்ளுக்குள்ளேயே கையொப்பமிட்டு அந்தக் கையொப்பத்தை மட்டும் வெளியே அனுப்பும். கணினியில் வைரஸ் புகுந்திருந்தாலும் சாவியை அதனால் எடுக்க முடியாது. ஆனால் திரையைப் படிக்காமல் பொத்தானை அழுத்துபவரை எந்தச் சில்லும் காப்பாற்றாது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற தளத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் களவாடப்பட்டபோது, கையொப்பமிட்டவர்களிடம் இத்தகைய கருவிகள் இருக்கத்தான் செய்தன. கணினித் திரையில் தெரிந்தது ஒன்று, அவர்கள் உண்மையில் ஒப்பமிட்டது வேறொன்று. வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த நம் பாட்டனார்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறோமே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கருவியை வாங்கும் இடமும் முக்கியம். ரிச்சி தெருவில் எதையும் பேரம் பேசி வாங்கலாம் என்ற சென்னைவாசியின் தன்னம்பிக்கை இங்கே ஆகாது. தயாரிப்பாளரிடமிருந்தோ அவர்கள் தம் தளத்தில் அறிவித்துள்ள விற்பனையாளரிடமிருந்தோ மட்டுமே வாங்கவேண்டும். பிறர் பயன்படுத்தியதைத் தொடவே கூடாது. 2020இல் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியாயின. மறு ஆண்டில் அவர்களுள் சிலருக்கு அச்சு அசலான பெட்டியில் போலிக் கருவிகளே அஞ்சலில் வந்தன. பாதுகாப்புக்காக மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதமும் உடனிருந்தது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் செயலிக் கடையிலேயே லெட்ஜர் பெயரில் போலிச் செயலி இடம்பெற்றுப் பலரின் நாணயங்களைக் கறந்தது. சொற்கள் முன்கூட்டியே எழுதப்பட்ட அட்டையுடன் பெட்டி வந்தால், அந்தச் சொற்களை எழுதியவன்தான் அந்தப் பணத்துக்கும் உரிமையாளன் ஆவான். சொற்களைக் கருவி நம் கண்முன் அப்போதே உருவாக்கவேண்டும்.

அந்த 24 சொற்களும் 2,048 எளிய ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை. வரிசை மாறக்கூடாது. ஒவ்வொரு சொல்லையும் அதன் முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே அடையாளம் காணலாம். இவற்றை அறிந்தவருக்குக் கருவியும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். ஆகவே கைபேசியில் படம் எடுக்கக்கூடாது. எடுத்த மறுகணம் அது இணையச் சேமிப்புக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு உதவாது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்து லேமினேட் செய்து வைப்பவரையும் நாம் அறிவோம். ஆதார் அட்டையையும் இதையும் ஒன்றாக எண்ணிவிட்டார், பாவம்.

காகிதம் போதுமா என்றால், அடையாற்றங்கரையில் வாழ்பவர்களிடம் கேளுங்கள். 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் ஆறு வீட்டுக்குள் வந்தது. பத்திரங்களும் சான்றிதழ்களும் கூழாயின. அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி மாற்று ஆவணங்கள் வழங்கியது. இந்தச் சொற்களுக்கு அப்படி ஒரு முகாமை எந்த அரசும் நடத்த இயலாது. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் அவற்றைப் பொறித்து வைப்பது வழக்கம். தி.நகர் பாத்திரக் கடைகளில் பெயர் பொறித்துத் தருவார்களே என்று சீதனக் குடத்தைக் கொடுப்பது போல் தகட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எழுத்து அச்சுகளும் ஒரு சுத்தியலும் வாங்கி, வீட்டில் நாமே தட்டிக்கொள்வதுதான் முறை. இரண்டு மணி நேரம் பிடிக்கும், கையும் வலிக்கும்.

பெருந்தொகையை மாற்றுமுன் ஒரு சோதனை அவசியம். சிறு தொகையை அனுப்பி, பிறகு கருவியை வேண்டுமென்றே அழித்து, தகட்டில் உள்ள சொற்களைக் கொண்டே மீண்டும் உயிர்ப்பித்துப் பார்க்கவேண்டும். தொகை திரும்பத் தெரிந்தால் நாம் எழுதியது சரி. இதை மனைவியை அருகில் அமர்த்திக்கொண்டு செய்யவேண்டும் என்பது நம் கருத்து. இங்கிருந்துதான் நாம் சொல்லவந்த விஷயம் தொடங்குகிறது.

இந்தக் கருவிகளைப் பற்றிய அறிவுரைகள் யாவும் ஒரே பல்லவியைப் பாடுகின்றன: யாரிடமும் சொல்லாதே. திருடனை மனத்தில் வைத்து அது சரிதான். ஆனால் எல்லாரும் எண்ணிப் பார்க்க மறுக்கும் இன்னொரு விருந்தாளி இருக்கிறார். அவர் நிச்சயமாக வருவார். மலக்குல் மவ்த் வரும்போது பின் எண்ணைச் சொல்ல அவகாசம் இராது. திருடனிடமிருந்து முழுமையாக மறைத்தவர், வாரிசுகளிடமிருந்தும் முழுமையாக மறைத்தவரே ஆகிறார்.

கனடாவின் குவாட்ரிகா தளத்தை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் நம் நாட்டு ஜெய்ப்பூரில் இறந்தார். நாணயங்களின் சாவி அவர் ஒருவரிடமே இருந்தது, அவரோடு போய்விட்டது என்று அறிவிக்கப்பட்டபோது உலகமே வியந்தது. பின்னர் ஆராய்ந்தால், அந்தப் பெட்டகங்கள் அவர் உயிரோடிருந்தபோதே பெரும்பாலும் காலி. வாடிக்கையாளர் பணத்தை அவர் ஏற்கெனவே சூறையாடியிருந்தார் என்று ஒன்டாரியோ செக்யூரிட்டீஸ் கமிஷன் 2020இல் முடிவுசெய்தது. சாவி ஒருவரிடம் மட்டுமே இருந்ததால்தான் இருப்பு என்ன என்று யாராலும் பார்க்க இயலவில்லை.

இதை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு தந்தை நல்லெண்ணத்தோடுதான், கணினி தெரிந்த மகனிடம் மட்டும் அந்தத் தகட்டைக் காட்டி வைக்கிறார். மனைவிக்குப் புரியாது, மகள்கள் புகுந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற எண்ணம். அவர் இறந்த அன்று நடப்பது என்ன? பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாயார் இருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு என்று வகுக்கப்பட்ட சொத்து முழுவதும் ஒருவரின் மனசாட்சியை நம்பி நிற்கிறது. நிலமென்றால் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். வங்கியென்றால் பாஸ்புக் இருக்கும். இதில், "அத்தா அதையெல்லாம் அப்பவே வித்துட்டாங்க" என்று அந்த மகன் சொல்லிவிட்டால், சகோதரிகளால் மறுக்க இயலாது. அவர் அப்படிச் சொல்வார் என்று நாம் ஐயப்படவில்லை. ஆனால் சொல்லும்படியான சோதனையில் அவரை நிறுத்தியது யார்? பெண்களின் பாகத்தை நிலத்தில் மறுத்துப் பழகிய குடும்பங்கள் நம்மில் இல்லையென்று எவரும் சொல்லிவிட இயலாது. சுவடே இல்லாத சொத்து அந்தப் பழக்கத்துக்கு இன்னும் வசதியாகிவிடும்.

இதற்கு வழி அந்தப் பேரேட்டின் இயல்பிலேயே இருக்கிறது. பிட்காயின் முதலிய பெரும்பாலான நாணயங்களில், பெறும் முகவரியை அறிந்த எவரும் அதில் எவ்வளவு இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். எடுக்க மட்டும் இயலாது. ஆகவே மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள். என்ன நாணயம், எந்த முகவரிகள், கருவி எங்கே இருக்கிறது, தகடு யாருடைய பொறுப்பில் இருக்கிறது, எவரிடம் உதவி கேட்கலாம் என்பவை மட்டும் அதில் இருக்கட்டும். 24 சொற்களில் ஒன்றுகூட அதில் இருக்கக்கூடாது. அந்தப் பட்டியலில் இரண்டு சாட்சிகள் கையொப்பமிடட்டும். கடனை எழுதிவைப்பது குறித்து அல்-பகராவின் 282ஆம் வசனம் எவ்வளவு விரிவாகப் பேசுகிறது! குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. எழுத்தாலும் சாட்சியாலும் பொருளைக் காக்கக் கற்ற சமுதாயத்துக்கு இது புதிய பாடமன்று.

சொற்களை எவரிடம் வைப்பது என்பதுதான் கடினம். பன்னிரண்டு, பன்னிரண்டாக இரு துண்டாக்கி இருவரிடம் கொடுப்பது நம்மில் பலருக்குத் தோன்றும் யோசனை. ஒரு துண்டு வெள்ளத்தில் போனால் மற்றதும் வீண் என்பதால் அதை நாம் விரும்பவில்லை. ட்ரெசர் நிறுவனத்தின் சில கருவிகளில் சாவியை மூன்று பங்காக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி அமைக்கலாம். மனைவியிடம் ஒன்று, சகோதரரிடம் ஒன்று, நம்பிக்கையான நண்பரிடம் ஒன்று என்று இருந்தால் தனியொருவர் எடுக்கவும் இயலாது, ஒன்று தொலைந்தால் எல்லாம் மூழ்கவும் செய்யாது. அவ்வளவு சிக்கல் வேண்டாம் என்பவர், தகட்டை உறையிட்டு முத்திரை வைத்து மனைவி பெயரும் சேர்ந்த வங்கி லாக்கரில் வைக்கலாம். 24 சொற்களுக்கு மேல் தாமே ஒரு இரகசியச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதைப் பயன்படுத்துபவர் அந்தச் சொல்லையும் தகட்டைப் போலவே பொறுப்பாக விட்டுச் செல்லவேண்டும். பிறர் அறியாத அந்த ஒரு சொல் இல்லாமல், சரியான 24 சொற்களும் காலிப் பெட்டியைத்தான் திறக்கும்.

இத்தனைக்கும் பொறுமை இல்லாதவர் என்ன செய்வது? இவ்வளவு ஏற்பாடும் செய்ய இயலாத அளவுக்கு அது சிறு தொகை என்றால், தொகை சிறியதாகவே இருக்கட்டும். பெருந்தொகை என்றால், ஏற்பாடு செய்யாமல் அதை வைத்திருக்கும் உரிமை நமக்கு இல்லை என்றே நாம் கருதுகிறோம். கருவியின் விலையைப் பார்க்கிறோம், நாணயத்தின் விலையை நாளுக்கு நான்குமுறை பார்க்கிறோம். வீட்டாரை உட்காரவைத்துப் பேச ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவதற்குத்தான் கூச்சம். கணக்கும் அப்படித்தான். எக்ஸ்சேஞ்சிலிருந்து கருவிக்கு மாறியபின் நமக்கு அறிக்கை அனுப்புவார் எவருமில்லை. வாங்கிய நாளும் விலையும் நம் கையெழுத்தில் இருந்தால்தான் ஸகாத் நாளில் மதிப்பிட முடியும். 2022 ஏப்ரல் முதல் இலாபத்தில் 30 விழுக்காடு வரி விதிக்கும் அரசுக்கும் நேர்மையாகக் கணக்குக் காட்ட முடியும். கருவிக்குள் போனதால் வருமான வரித்துறையின் கண்ணிலிருந்து தப்பிவிட்டோம் என்று மகிழ்பவர் சிலரையும் பார்க்கிறோம். வாங்கியபோது பான் எண்ணைக் கொடுத்ததை மறந்துவிட்டார்கள்.

அடையாறு வீட்டுக்குச் சென்ற வாரம் மீண்டும் போயிருந்தோம். சகோதரரின் மனைவி இன்னும் இத்தாவில் இருக்கிறார். மகள் வழியாக அவர் சொல்லியனுப்பிய செய்தி இதுதான்: அவர் எதையும் எழுதாமல் விடமாட்டார், பால் கணக்கைக்கூட எழுதி வைப்பவர், தேடினால் கிடைக்கும். கூடத்தில் அவருடைய புத்தக அலமாரி திறந்து கிடந்தது. இரு மகள்களும் தரையில் அமர்ந்து ஒவ்வொரு நூலாக எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, உதறிப் பார்த்து, பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தட்டு முடிந்திருந்தது. இன்னும் நான்கு தட்டுகள் மீதமிருந்தன.